நடை சாத்திய பொழுதில் ஓடுபவை

எல்லாரும் உறங்குகிறார்கள், இருவர் மட்டும் ஓடுகிறார்கள் என்று திரையின் தலைப்பகுதி சொல்கிறது. உண்மையில் அது எண்களைத்தான் சொல்கிறது, நான்தான் எண்களை ஆட்களாக்கிப் படித்துக்கொள்கிறேன், மில்லின் கணினிப் பிரிவில் ஓய்வு பெறும்வரை இருந்தவனுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, பதிகம் படிக்கிற பழக்கத்திலிருந்து வந்திருக்கலாம், அங்கே பிறையும் பாம்பும் கங்கையும் எல்லாமே ஆட்கள்தாமே. உச்சிக்காலம் முடிந்து கோயில் நடை சாத்தியிருப்பார்கள். வெயில் சன்னல் கம்பியில் அடித்து அடித்துத் திரும்பிப் போகிறது. கறுப்புத் திரையில் டாப் என்று தட்டி அனுப்பினால் போதும், இந்தக் கணத்தில் கணினிக்குள் உயிரோடிருக்கும் பணிகள் அத்தனையும் வந்து வரிசையில் நிற்கும். ஒவ்வொரு பணிக்கும் ஓர் எண், அது யாருடையது என்று ஒரு பெயர், எவ்வளவு உழைக்கிறது, எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு ஒற்றை எழுத்து. சில வினாடிக்கு ஒருமுறை திரை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். உழைப்பவர் மேலே ஏறுவார், ஓய்ந்தவர் கீழே இறங்குவார். உறங்குகிறவர் என்று எழுதியிருப்பதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அவர்கள் காத்திருக்கிறார்கள். யாராவது விசையைத் தொடுவார்களா என்று ஒருவர், கம்பி வழியாக ஏதாவது செய்தி வருமா என்று ஒருவர், கடிகாரம் இன்ன நேரத்தைக் காட்டுமா என்று ஒருவர், கூப்பிட்டால் கணத்தில் எழுந்து நிற்பார்கள், கூப்பிடாவிட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடப்பார்கள், இதைத்தானே நாம் அடிமைத்திறம் என்று சொல்கிறோம். எனக்கு மிகவும் வியப்பாக இருப்பது இதில் வேறொன்று: பட்டியலைக் காட்டும் டாப்பும் பட்டியலில் ஒரு வரியாக நிற்கிறது. பார்ப்பவன் பார்க்கப்படுகிறவர்களுக்கு நடுவே தன்னையும் எழுதிக்கொள்கிறான், தான் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறான். சாட்சியாக இருப்பதற்கும் ஒரு செலவு உண்டு என்று இத்தனை நேர்மையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஓடுகிற இருவரில் டாப் ஒருவர். மற்றவர்தான் எனக்கு வேண்டியவர். மீட்பு என்று நான் பெயர் வைத்திருக்கிற நிரல் அது, மேசையின் இடது ஓரத்தில் மஞ்சள் துணியை நாலாக மடித்து அதன்மேல் வைத்திருக்கும் பழைய வெளித்தட்டிலிருந்து, ஹார்ட் டிஸ்க்கைத்தான் சொல்கிறேன், எழுத்தெழுத்தாக, கறையான் தின்ற ஏட்டை ஊசிமுனையால் நெம்பி எடுப்பதுபோல, எதைப் படிக்க முடிகிறதோ அதைப் படித்து இந்தக் கணினிக்குள் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருக்கிறது. தட்டுக்குள் உலகம்மையின் குரல் இருக்கிறது. என் மனைவியின் குரல் இப்போது இருப்பது அங்கே மட்டும்தான். எங்கள் வழிபாட்டுக் கழகத்துப் பிள்ளைகள் கேட்டுப் பழகட்டும் என்று முன்பு இதே அறையில் அவளை உட்காரவைத்துப் பதிகங்களைப் பதிவு செய்தேன். குரல் வீட்டுக்குள் எந்நேரமும் ஒலித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் குரலுக்கு இன்னொரு படி எடுத்து வைக்க வேண்டுமென்று யாருக்குத் தோன்றும். சென்ற சித்திரையில் கழுத்தில் இருந்த கட்டியை எடுத்தார்கள், கட்டி போயிற்று, அதோடு ஒட்டிக்கொண்டிருந்த நரம்பு அயர்ந்துவிட்டது, நாளாவட்டத்தில் திரும்பலாம் திரும்பாமலும் போகலாம் என்றார் மருத்துவர், இப்போது அவள் காற்றாகப் பேசுகிறாள், அடுப்பங்கரையிலிருந்து கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் கிண்ணத்தைத் தட்டுகிறாள். பேச்சின் காரம் மட்டும் குறையவில்லை. வெளித்தட்டை எடுத்துப் பொருத்தியபோது அது சுழலவில்லை, ஜங்ஷனில் கணினி பழுது பார்க்கும் கடைக்காரர் இன்று காலை வீட்டுக்கே வந்து எப்படியோ தட்டிக்கொடுத்துச் சுழல வைத்துவிட்டுச் சொன்னார், "ஐயா, இப்ப ஓடுது. நின்னுதுன்னா மறுபடி ஓடும்னு நான் சொல்ல மாட்டேன். ஓடும்போதே எல்லாத்தையும் வாங்கிக்கிடுங்க. அதுக்கு வேலை குடுத்துக்கிட்டே இருக்கணும், வேலை இல்லேன்னா அதுபாட்டுக்குத் தூங்கப் போயிரும், அந்த மாடல் அப்படி." வேலை இருக்கும்வரை சுழலும், கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் கேட்காவிட்டால் தானாக அடங்கிவிடும், அடங்கினால் எழாது. காலையிலிருந்து மீட்பு கேட்டுக்கொண்டே இருக்கிறது, தட்டு கொடுத்துக்கொண்டே இருக்கிறது. வேறெந்த வேலையும் எனக்கு இல்லை. ஆனாலும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் பார்ப்பதால் அது வேகமாக ஓடப்போவதில்லை, கருவறைக்கு முன்னே நிற்பதால் தெய்வத்துக்கு ஏதும் கூடுவதில்லை, நிற்கிறோம் அல்லவா.

இப்போது ஒரு புதிய வரி. அடியிலிருந்து மேலே வந்துவிட்டது, ஒரே புதுப்பிப்பில், டாப்பைத் தாண்டி, மீட்பைத் தாண்டி. யார் இவர் என்று பார்த்தால் இவரையும் பெற்றவன் நான்தான். சொல்லடைவு. எங்கள் வழிபாட்டுக் கழகத்தார் ஆளுக்குக் கொஞ்சமாகத் தட்டி அனுப்பும் பதிகங்களிலிருந்து எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று அகராதி கட்டும் நிரல், அதோடு ஒரு பதிகத்துக்குள் எந்தச் சொல் எந்தச் சொல்லோடு கூடி நிற்கிறது என்றும் குறித்துக்கொள்ளும், நீறு என்ற சொல்லின் பக்கத்தில் எத்தனை முறை நெற்றி, எத்தனை முறை காடு என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நடை சாத்தும் நேரத்தில் அது தானாகத் தொடங்கி, நடை திறக்கும் முன் முடிந்துவிடும்படி கணினிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். தெய்வம் ஓய்வெடுக்கும்போது அடியார் வேலை பார்க்கட்டும் என்று அன்றைக்கு ஒரு குறும்பு தோன்றியது. இன்றைக்கு அதை நிறுத்தி வைக்க மறந்துபோனேன். இருந்தாலும் அது சாதாரணமாக வந்த சுவடு தெரியாமல் வேலையை முடித்துவிட்டுப் போகும் சாது. இன்றைக்கு என்ன வந்தது இதற்கு. எம் என்ற பெரிய எழுத்தைத் தட்டினேன், உழைப்பின் வரிசை கலைந்து இடம்பிடித்தவர்களின் வரிசை வந்தது. சொல்லடைவு தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறது, நினைவகத்தில் கால்பங்கு அதனிடம், திரை புதுப்பிக்கிறது, கால்பங்குக்குமேல், புதுப்பிக்கிறது, இன்னும் மேலே. வீங்குகிறது. எதைத் தின்று இப்படி வீங்குகிறாய் அப்பா, நேற்றுவரை இருந்த பாட்டுகள்தாமே, நேற்று உலகம்மை தான் இத்தனை மாதமாகத் தட்டிவைத்திருந்த பதிகக் கோப்புகளின் கட்டைக் கொண்டுவந்து சேர்த்தாள், அதையும் சேர்த்தாலும் பாட்டு பாட்டுதானே, எழுத்துக்கு என்ன எடை இருந்துவிட முடியும்.

முதலில் எனக்குக் கோபம் வரவில்லை, அச்சமும் வரவில்லை, வந்தது ஆவல், அதைச் சொல்லிவிட வேண்டும். குழந்தை எதையோ வாயில் போட்டு மெல்லும்போது பிடுங்குவதற்கு முன்னால் என்னதான் மெல்லுகிறது என்று ஒரு கணம் குனிந்து பார்ப்போமே, அந்தக் கணம் நீண்டுகொண்டே போனால் எப்படியிருக்கும், அப்படிக் குனிந்தபடி உட்கார்ந்திருக்கிறேன். ஒரு காரியம் செய்தேன், ஆர் என்ற விசை இருக்கிறது, ஒரு பணியின் பணிவை அதில் கூட்டலாம் குறைக்கலாம், இருப்பதிலேயே பெரிய எண்ணைக் கொடுத்தால் அந்தப் பணி மற்ற எல்லாருக்கும் வழிவிட்டுக் கடைசியில் தன் முறையை எடுத்துக்கொள்ளும். சந்நிதியில் அடியவன் ஒருவன் பார்க்க வேண்டும் என்பதற்காக நந்தி ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்ட ஊருக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், கல் நகர்ந்த இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், அந்த எண்ணத்தில்தான் சொல்லடைவுக்கு அந்த எண்ணைக் கொடுத்தேன், ஒதுங்கிக்கொள், மீட்பு பார்க்கட்டும். ஒதுங்கியது. மீட்புக்கு வழிவிட்டது. ஆனால் வீக்கம் நிற்கவில்லை. நேரத்தை விட்டுக்கொடுத்தவர் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு அங்கே பாயை விரித்துக்கொண்டே இருக்கிறார். இப்படிப்பட்ட பணிவை மனிதரிடத்திலும் பார்த்திருக்கிறேன். என்னிடத்திலும் இருக்கலாம், என் வரியை எனக்கு யார் காட்டுவார்கள். இப்போது பாதிக்குமேல். மீட்பின் எழுத்தைப் பார்க்கிறேன், அதுவரை ஓட்டத்துக்கு ஆர் என்றும் உறக்கத்துக்கு எஸ் என்றும் மாறிமாறி நின்றது, இப்போது டி என்று நிற்கிறது, கேட்டுவிட்டுப் பதிலுக்காக அசையாமல் நிற்கும் நிலை அது, அந்த நிலையில் இருப்பவரை யாரும் அசைக்க முடியாது, அழிக்கவும் முடியாது, கேட்டது கிடைத்தாலன்றித் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். தவம் என்றே சொல்லலாம். தவம் நல்லதுதான், ஆனால் தட்டு பதில் சொல்லத் தாமதிக்கிறதா, அல்லது கணினி இடமில்லாமல் திணறி மீட்பைக் கேட்கவே விடாமல் வைத்திருக்கிறதா, இரண்டில் எது என்று அந்த எழுத்து சொல்லாது.

தொலைபேசி. என் தங்கை மகன் பால்வண்ணன், சென்னையில் இந்த வேலையில்தான் இருக்கிறான், பேரன் எடுக்கும் வயது எனக்கு என்றால் அவனுக்குத் தலை நரைக்கும் வயது. "என்ன மாமா, குரல் வந்து சேந்துட்டா?" என்கிறான். பாதிக்குமேல் வந்துவிட்டது, மீதி வருகிறது, நடுவில் சொல்லடைவு எழுந்து வந்து வீங்குகிறது என்றேன். "அத எதுக்கு இன்னைக்கு ஓட விட்டீங்க?" நான் விடவில்லை, நேரம் வந்தது, அது எழுந்தது. "சரி, கில் பண்ணிருங்க. கே தட்டுங்க, நம்பரைக் குடுங்க, முடிஞ்சுது. இதுக்கா யோசிக்கீங்க?" ஏன் வீங்குகிறது என்று தெரிய வேண்டாமா என்றேன். சிரிக்கிறான். "மாமா, நீங்க டாப்பைப் பாக்கது கோயில்ல சாமி பாக்க மாதிரி. பின்னால கூட்டம் நிக்கி, மணியடிக்கான், நீங்க இன்னும் தீபத்தை உத்துப் பாத்துக்கிட்டு நகர மாட்டேங்கீங்க." நினைவகம் முழுதும் நிரம்பினால் என்ன ஆகும் என்று கேட்டேன், எனக்குத் தெரியும், அவன் வாயால் கேட்க வேண்டியிருந்தது. "நிரம்பினா சிஸ்டம் தானே ஒருத்தன அடிச்சுத் தூக்கி வெளிய போடும். பெரும்பாலும் பெரியவனத்தான் போடும்." பெரும்பாலும். "பெரும்பாலும்தான் மாமா, சத்தியம் பண்ணித் தர முடியாது. அதுக்கு முன்னால மெஷின் தவங்கும், அதான் எனக்குப் பயம். அந்த டிஸ்க் சும்மா இருந்தா தூங்கிரும்னுதானே கடைக்காரர் சொன்னாரு? அத்தைகிட்ட நீங்கதான் பதில் சொல்லணும், நான் இல்ல." வைத்துவிட்டான்.

பெரும்பாலும் என்ற சொல் அறைக்குள் தங்கிவிட்டது. கணினியின் ஆழத்தில் ஒருவர் இருக்கிறார், எல்லாப் பணிகளுக்கும் நேரத்தையும் இடத்தையும் பங்கிட்டுத் தருகிறவர், அவர் பெயர் இந்தப் பட்டியலில் இல்லை, பட்டியலுக்குள் முதல் எண்ணோடு நிற்பவரையும் எழுப்பிவிட்டவர் அவர், இடமில்லாமல் போகும் நேரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்குப் போட்டு யார் போக வேண்டும் என்று தீர்க்கிறார். பெரியவரா, புதியவரா, எவருக்கும் வேண்டாதவரா, கணக்கின் விதிகளை ஒருமுறை படித்தேன், படித்து முடித்தபின் படிப்பதற்குமுன் இருந்ததைவிடத் தெளிவு குறைந்தது. அந்தக் கணக்கு நடக்கும்போது எப்படியிருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. இதோ, இந்த ஆசையைப் பிடித்துவிட்டேன், இது வரிசையில் மேலே நிற்கிறது, உலகம்மையின் குரலுக்குமேலே நிற்கிறது, எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறது. என் மனத்துக்கும் அந்தப் பெரிய எம் எழுத்தைத் தட்டிப் பார்க்கிறேன். இடம்பிடித்தவர்களின் வரிசையில் அவள்தான் முதலில் வருகிறாள்: மயக்கம் தெளிந்து கண் திறந்து என்னைப் பார்த்து வாயசைத்தாள், ஒலி வரவில்லை, அவள் விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன், அவளும் சிரித்தாள், இரண்டாம் முறை வாயசைத்தாள், அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது, அந்த இரண்டு வாயசைப்புக்கும் நடுவில் இருந்த சிரிப்பு எப்போதும் உறங்குவதில்லை, எந்த நிகழ்ச்சிக்கும் காத்திருப்பதில்லை, தானாக ஓடுகிறது. உழைப்பின் வரிசையில் பார்த்தால் மட்டும் வேறு யாரோ மேலே நிற்கிறார், ஏன், எதனால், அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பவர், இவரைக்கொண்டுதான் நான் பதிகத்துக்குள்ளும் போனேன், உருகிப் போனவனில்லை நான், ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சொல் ஏன் வந்து நிற்கிறது என்று கேட்டபடி போனவன், அவள்தான் உருகுகிறவள், நான் எண்ணுகிறவன். திரை புதுப்பிக்க வேண்டிய நேரம் கடந்து புதுப்பிக்கிறது. அடுத்த முறை இன்னும் தாமதம். டாப்புக்கே மூச்சு வாங்குகிறது. மீட்பு இன்னும் டி.

கேயைத் தட்டினேன். சொல்லடைவின் எண்ணைக் கேட்டது, கொடுத்தேன், எந்தச் செய்தியை அனுப்பட்டும் என்று கேட்டது. விரல் நிற்கிறது. முடித்துக்கொள் என்று ஒரு செய்தி உண்டு, கேட்ட பணி தன் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகும். செத்துப்போ என்று ஒன்று உண்டு, அதைக் கேட்க அந்தப் பணிக்கு அவகாசமே இருக்காது. இரண்டுக்கும் அப்பால் நில் என்று ஒன்று உண்டு, இருந்த இடத்தில் இருந்தபடி, எடுத்த அடியை வைக்காமல், யாராவது நட என்று சொல்லும்வரை. நில் என்பதை அனுப்பினேன். எழுத்து வரக் காத்திருந்தேன், வந்தது, இதுவும் காதுக்கு டிதான், ஆனால் மீட்பின் டி அல்ல, ஆங்கிலத்தில் எஸ்ஸுக்கு அடுத்து வரும் எழுத்து, சொல்லடைவு நின்றுவிட்டது. வீக்கம் நின்றது. நல்லது. இடத்தை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, இருக்கட்டும், நகராமல் இருக்கிறதே. இன்னொரு கறுப்புத் திரையைத் திறந்து சொல்லடைவு கடைசியாக எழுதி முடித்த பதிகம் எது என்று பார்த்தேன். கழகச் செயலாளர் தெய்வநாயகம் தட்டியவற்றில் கடைசிப் பதிகம். அதற்கு அடுத்து எழுதியது ஒன்றுமில்லை, அதற்கு அடுத்தது உலகம்மை தட்டிய கட்டு, அதற்குள் போனது திரும்பவில்லை. அவள் கட்டின் முதல் கோப்பைத் திறந்தேன். மேலே பிள்ளையார் சுழி இருக்கிறது, அதைக் கண்டால் பதிகம் தொடங்குகிறது என்று நிரலுக்குச் சொல்லியிருக்கிறேன். பாட்டுகள் இருக்கின்றன, பிழையே இல்லை, சந்தம் பிரித்த இடமெல்லாம் அவள் மூச்சு விடும் இடம். கடைசியில் வெற்றிடம். இரண்டாவது கோப்பு, சுழி, பாட்டு, வெற்றிடம். மூன்றாவது. திருச்சிற்றம்பலம் இல்லை. கழகத்தார் எல்லாரும் பதிகத்தின் முடிவில் அந்தச் சொல்லைத் தட்டித்தான் முடிப்பார்கள், சொல்லி முடிப்பதுபோலவே தட்டி முடிப்பார்கள், அதைக் கண்டால் பதிகம் முடிந்தது என்று நிரல் அறியும், இவள் ஓர் இடத்திலும் தட்டவில்லை. முடிவு வராததால் அடுத்தடுத்த சுழிகளைப் பொருட்படுத்தாமல் முடியாத பாட்டுக்குள் நிரல் போய்க்கொண்டே இருந்திருக்கிறது, இவள் பேச முடியாமல் இருந்த மாதங்களில் தட்டியதெல்லாம் ஒரே பாட்டு என்று எடுத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் மற்ற ஒவ்வொரு சொல்லுக்கும் துணை என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறது, நீறு எல்லாவற்றின் பக்கத்திலும், காடு எல்லாவற்றின் பக்கத்திலும், இடம் எப்படிப் போதும். என்னை அறியாமல் கையைக் குவித்திருக்கிறேன். எதற்கு என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

பின்னால் கால்மெட்டி ஓசை. மோர்க் குவளையை மேசையில் வைத்துவிட்டுத் திரையைப் பார்க்கிறாள், பிறகு என் கையைப் பார்க்கிறாள். "என்ன, கம்ப்யூட்டரைக் கும்பிடுதீங்க?" காற்றுதான், ஆனால் நக்கல் முழுதாக வந்து சேர்ந்துவிட்டது. நீ தட்டிய பதிகம் ஒன்றிலும் திருச்சிற்றம்பலம் இல்லையே என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறாள். பேச்சுக்கு முன்னால் இப்போதெல்லாம் காற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. "அது தட்டுத வார்த்தையா?" என்கிறாள். எல்லாரும் தட்டியிருக்கிறார்களே. "அவுக வாயாலயும் சொல்லுதாக, கையாலயும் தட்டுதாக. எனக்கு வாய் இல்ல. வாயால சொல்லாம கையால மட்டும் போட்டா, பொய் சொன்ன மாதிரி இருந்துது." திரும்பவும் காற்றைச் சேர்த்துக்கொள்கிறாள். "குரல் வந்ததும் உக்காந்து ஒண்ணொண்ணா சொல்லிச் சொல்லிப் போட்டுக்கிடலாம்னு வச்சிருந்தேன்." நான் அடுத்ததைக் கேட்கவில்லை, ஆனால் என் முகத்தில் கேள்வி ஓடுவதைப் பட்டியலைப் படிப்பதுபோலப் படித்துவிடுகிறவள் அவள். "வரலேன்னா கிடக்கட்டும். முடியாமலே கிடக்கட்டும். சாமி கோவிச்சுக்கிடுமா என்ன?" கோவித்துக்கொள்ளாது, கணினிதான் கோவித்துக்கொண்டது என்றேன், அதன் வயிறு ஏன் வீங்கியது என்பதை இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அவள் கண்ணில் ஓர் ஒளி, அது சிரிப்பு, ஒலியில்லாமல் தோள் மட்டும் குலுங்குவது. "அப்ப நான் பாடினதெல்லாம் ஒரே பாட்டுன்னு அது நெனச்சுட்டா?" ஆமாம் என்றேன். "நல்லதாப் போச்சு."

கே, எண், இந்த முறை முடித்துக்கொள் என்ற செய்தி, அதன்பின் நட என்ற செய்தி, நின்றிருந்தவருக்கு நட என்று சொன்னால்தான் முடித்துக்கொள் என்றது காதில் விழும். சொல்லடைவின் வரி மறைந்தது. அது சேர்த்து வைத்திருந்த துணைகள் எல்லாம் போயின, வருத்தமில்லை. கோப்பு முடிந்தால் பாட்டு முடிந்தது என்று நிரலுக்கு நாளைக்குச் சொல்லிவிடுகிறேன், உன் கோப்பை நான் தொடவில்லை, சொல் உன்னிடத்திலேயே இருக்கட்டும் என்றேன். அவள் தலையசைத்துவிட்டுக் கேட்கிறாள், "இது ஏன் அசையாம நிக்கி?" மீட்பின் வரியைக் காட்டுகிறாள். இடம் கிடைத்தபின்னும் டி. திரை புதுப்பிக்கிறது, டி. புதுப்பிக்கிறது, டி. இடமில்லாமல் நின்றது என்றால் இப்போது நகர்ந்திருக்க வேண்டும், நான் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தட்டு அடங்கிவிட்டதா, யாரும் ஒன்றும் கேட்காத இடைவெளி எவ்வளவு இருந்தது, பால்வண்ணன் சொன்னதும் கேயைத் தட்டியிருந்தால், ஆவலுக்கு நான் கொடுத்த நேரம் அவளுடையது அல்லவா, அதை எப்படி அவளிடம் சொல்வது. திரையால் பயனில்லை. காதைத் தட்டின் பக்கம் கொண்டுபோனேன், என் காதில் என் ரத்தம் ஓடுவதுதான் கேட்கிறது. உலகம்மை என்னைக் கையால் விலக்கிவிட்டுத் தன் வலது உள்ளங்கையைத் தட்டின்மேல் வைத்தாள், விரல்களை விரிக்காமல், அழுத்தாமல். அப்படித்தான் தினமும் காலையில் தன் தொண்டையின்மேல் வைத்துக்கொள்கிறாள், ஓசை வராவிட்டாலும் அதிர்வு இருக்கிறதா என்று கையால் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், இத்தனை மாதத்தில் அவள் கை நுண்மையான கையாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்கிறேன், திரையைப் பார்க்கவில்லை. "சுத்துது," என்றாள். பிறகு, "லேசா. ஆனா சுத்துது."

சுற்றுகிறது என்றால் தேடுகிறது. ஏதோ ஒரு பழுதான இடத்தில் ஊசியை வைத்து வைத்து எடுக்கிறது. கையை எடுக்காதே என்றேன், காரணமில்லாமல், அவள் எடுக்கவில்லை. டி என்பது எஸ் ஆயிற்று, ஆர் ஆயிற்று, மீண்டும் டி, மீண்டும் ஆர், வரி உயிரோடு மேலே ஏறியது. மோரின்மேல் ஈ உட்காருவதை அவள் இடது கையால் விரட்டினாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று நான் பார்க்கவில்லை. பிறகு ஒரு புதுப்பிப்பில் மீட்பின் வரி இல்லை. கீழே இறங்கியிருக்கிறதா என்று தேடினேன், எங்குமே இல்லை. இதுதான் இந்தப் பட்டியலில் எனக்கு என்றைக்கும் விளங்காதது, வேலையை நிறைவேற்றிவிட்டுப் போனவரும் பாதியில் விழுந்தவரும் ஒரேமாதிரிதான் மறைகிறார்கள், இருந்த இடத்தில் அடுத்தவர் மேலே வந்து நின்றுகொள்கிறார், போனவர் எப்படிப் போனார் என்று ஒரு சொல்லும் கிடையாது. உயிரோடிருப்பவரை மட்டும் காட்டுவேன் என்று சொல்லித்தான் அது தொடங்குகிறது, அதைக் குறை சொல்ல முடியாது. பட்டியலைவிட்டு வெளியே போனால்தான் தெரியும். போகலாம், க்யூவைத் தட்டினால் போதும். என் விரல் போகவில்லை. காலையிலிருந்து எல்லாவற்றையும் அறிந்துகொள்ளத் துடித்தவனுக்கு இது ஒன்றை மட்டும் அறிய வேண்டாமாக இருக்கிறது. "இதுக்கு என்ன யோசனை," என்று அவள் கையை நீட்டி க்யூவைத் தட்டினாள்.

பட்டியல் போயிற்று. அதன் பின்னாலிருந்த மீட்பின் திரையில் நிறைவுற்றது என்று ஒரு வரி, சில இடங்கள் படிக்க முடியவில்லை என்று அடுத்த வரி, மீதி எல்லாம் வந்துவிட்டது என்று அதற்கடுத்த வரி. எழுத்து கலங்கித் தெரிந்தது, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். முதல் கோப்பை எடுத்தேன். ஒலிபெருக்கியில் முதலில் ஒன்றுமில்லை, இரைச்சல் மட்டும், காற்று எதையோ சுழற்றுவதுபோல. உலகம்மை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தொண்டையைச் செருமும் ஓசை வந்தது, வளையல் ஓசை வந்தது, அதற்குப்பின் குரல், உருண்டு திரண்ட, அறை முழுதும் நிறைகிற, யாரையும் ஒரு சொல்லில் எழுப்பி உட்காரவைக்கிற குரல், பாடவில்லை, பேசியது. "இந்தாங்க, மொதல்ல அந்த ஃபேனை நிறுத்துங்க. பாட்டுல சத்தம் விழுது."

நான் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினேன்.